ஜூலியும் ஒன்பதரை மணியும்

ஜூலி எங்கள் வீட்டுக்குப் பாதி விலையில் வந்தாள். ஆண் குட்டிகள் எல்லாம் விற்றுப்போய், பெட்டை ஒன்றுதான் மிச்சம். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தொல்லை சார், அதான் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க" என்றாராம் விற்றவர். அந்தத் தொல்லை ஒன்றரை வயதில் ஒரு கருத்தடை அறுவையோடு முடிந்தது. 'ஜெர்மன் ஷெப்பர்டு வாங்கியிருக்கேன்' என்று கணவர் ஊரெல்லாம் சொன்னார். சோறு வைப்பது, மலம் அள்ளுவது, கொட்டும் முடியைக் கூட்டுவது எல்லாம் பத்தே நாளில் என் தலையில் விழுந்தன. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நம் ஊரில் இன்னமும் இதை அல்சேஷன் என்கிறோம். மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899-இல் ஜெர்மனியில் இதற்கென்று சங்கம் தொடங்கியபோது, இது ஆட்டுக்காரர்களின் நாய். அங்கே மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே பயிர் நிற்கும், நடுவில் வேலி கிடையாது. மந்தை வரப்பைத் தாண்டாதபடி நாள் முழுக்க ஓரத்திலேயே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருப்பதுதான் இந்த நாயின் வேலை. வேலியே ஓடினால் எப்படியோ, அப்படி.

ஜூலிக்கு மந்தை நாங்கள்தான். ஆளுக்கொரு அறையில் இருந்தால் அவளுக்கு நிலைகொள்ளாது. கடைசி ஆள் வீடு திரும்பும்வரை படுக்க மாட்டாள். வேலை கொடுக்காவிட்டால் தானே ஒன்றைத் தேடிக்கொள்வாள். எங்கள் சோபா அப்படித்தான் போனது. "கட்டிப் போடாதீங்க. ரெண்டு வேளை நல்லா நடக்க விடுங்க" என்றார் கால்நடை மருத்துவர். வெயிலுக்கு முடியை மழித்துவிடலாமா என்று கேட்டேன். கூடாதாம், அந்த இரட்டை ரோமம்தான் வெயிலையும் தடுக்கிறது. தினமும் சீவிவிட்டால் போதும்.

வேலூர் வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நாயின் பாதமும் அப்படித்தான் பொசுங்கும். ஆகவே விடியுமுன் ஒரு நடை, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு நடை.

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அந்த நேரத்தில் நான் தனியாகத் தெருவில் இறங்கியதே இல்லை. தலைவலி மாத்திரை வாங்கக்கூட, "அவன் வரட்டும்மா" என்பார் அத்தை. நாய்க்கயிறு கையில் வந்ததும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் தெருமுனைவரை. பிறகு கோட்டை அகழி ஓரம். பரோட்டா மாஸ்டர் கல்லைக் கழுவுவதையும், வேலை முடிந்த நர்சுகள் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதையும் அப்போதுதான் பார்த்தேன். ஊருக்கு இப்படி ஒரு நேரம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஜூலி எப்போதும் வண்டி வரும் பக்கமாகவே நடப்பாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. இந்த இனத்தில் பரம்பரையாகவே வரும் கோளாறு. எடை ஏறாமல் அளந்து வைக்கிறேன். டைல்ஸ் வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்திருக்கிறேன். கேட்வரைதான் வருகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குச் செருப்பை மாட்டினேன்.

"நாய் இல்லாம எங்க கிளம்பிட்ட?" என்றார் அத்தை.

"நடக்க அத்தை."

கயிறு ஆணியிலேயே தொங்கியது. திரும்பும்போது பத்தேகால். ஜூலி கேட்டருகே விழித்தபடி கிடந்தாள். நான் உள்ளே வந்து தாழ் போட்டதும், மெல்ல எழுந்து தன் சாக்குக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.