ஜெபக்குறிப்பு

நான் புறங்கூறினேன். அதுவும் ஜெபத்தின் பெயரால். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டும் வேதவாசிப்பும் முடிந்ததும், "ஜெபக்குறிப்பு இருந்தாச் சொல்லுங்க" என்பேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் நான். நோட்டும் பேனாவும் என் மடியில்தான் இருக்கும். மூட்டுவலி, பிள்ளைகளின் பரீட்சை, மகளுக்கு வரன், வெளிநாட்டு விசா என்று வெட்கப்படாமல் சொல்லக்கூடிய குறைகள்தான் பெரும்பாலும் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருடமே ஆன ஒருத்தி வாய் திறந்தாள். புருஷன் குடிக்கிறார், கைநீட்டுகிறார், செயின் அடகில் இருக்கிறது. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள். நோட்டில் எழுதிக்கொண்டேன். அவள் தலையில் கைவைத்து உருக்கமாக ஜெபித்தேன். வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவவில்லை, போனை எடுத்துவிட்டேன். "ஜெபத்துல வச்சுக்கோங்க. வெளிய சொல்லிராதீங்க." மூன்று பேரிடம் இதே வார்த்தைகள். ஆத்தும பாரத்தில் சொல்வதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குத்தான் முதலில் தெரியும் என்கிற ருசி அது.

1947இல் பல சபைகள் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபின், 1950இல் வந்த எங்கள் திருவிருந்து ஆராதனை முறையில் சமாதானம் வழங்குதல் உண்டு. சபைக் குருவான ஐயரிடமிருந்து கைக்குக் கை, வரிசைக்கு வரிசை, கடைசி பெஞ்சு வரை வரும். அந்த ஞாயிறு அவள் கைகளுக்குள் சமாதானத்தைக் கொடுத்தவள் நான்தான். அதற்குள் அவள் கதை அதே வழியாகக் கடைசி பெஞ்சைத் தாண்டிப் போயிருந்தது.

அசனப் பண்டிகை வந்தது. ஊரே ஒரே உலையில் பொங்கித் தின்கிற நாள். பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர், "செயினை மீட்டாச்சா தாயி?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அவள் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் அவளைக் காணோம்.

போன வருடம் என் மகனுக்கு வேலை போனது. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். கூட்டத்தில் யாரோ, "உங்களுக்கு ஜெபக்குறிப்பு உண்டாக்கா?" என்றார்கள். "எல்லாரும் சுகம், ஸ்தோத்திரம்" என்றேன். பயம். அந்த அறையில் சொன்னது எங்கெங்கே போகும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்கிறேன். அத்தனை குரல்களுக்கு நடுவே என் குரல் பத்திரமாக ஒளிந்துகொள்கிறது. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு நிருபம். இத்தனை வருடமும் மற்றவர்கள் அறிக்கையிட்டார்கள், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். "வாங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காப்பி கொடுத்தாள்.

"அன்னைக்கு வெளிய சொன்னது நாந்தாம்மா."

"தெரியும்க்கா."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் டம்ளரைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து, என் முகத்தைப் பார்த்தாள். "வீட்ல எல்லாரும் சுகந்தானாக்கா? மகன் எப்படியிருக்கான்?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நான் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் சுகந்தாம்மா, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.