நுவரெலியா ஏரிக்கரையில்

மலையும் நீரும் ஒருங்கே வாய்த்த ஊர்களைக் காண விழையாதார் இலர். இமயத்தின் அடிவாரத்தில் நைனிடால், தமிழகத்தில் உதகையும் கோடைக்கானலும், இலங்கையில் நுவரெலியா என அத்தகைய ஊர்கள் பல உள. வெப்பம் தாங்கமாட்டாத வெள்ளையர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமக்கென அமைத்துக்கொண்ட குளிர்நகர்கள் இவை. இவற்றுள் நைனிடால் ஏரி இயற்கை தந்தது. ஏனைய மூன்றும் மனிதர் ஆக்கியவை. உதகை ஏரி 1820களில் ஆட்சியர் சலிவனின் முயற்சியால் அமைந்தது. கோடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்சு என்பவரால் உருவாயிற்று. நுவரெலியா ஏரியோ, 1870களில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் ஓடையை மறித்துக் கட்டப்பட்டு, இன்றும் அவர் பெயராலேயே வழங்கி வருகிறது. ஏரி அமைக்கப் பணித்தவர்களின் பெயர்களை ஏடுகள் காத்து வைத்துள்ளன. மண் சுமந்து கரை எழுப்பியோர் யாவர்?

மலாக்காவின் ஜாசின் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி வருபவன் நான். சில ஆண்டுகளுக்குமுன் பள்ளி விடுமுறையில் துணைவியாருடன் நுவரெலியா சென்றபோது இவ்வினா என்னுள் எழுந்தது. அன்றுமுதல் அது என்னை விட்டு அகலவில்லை.

கண்டியிலிருந்து புகைவண்டியில் புறப்பட்டோம். வண்டி மெல்ல மெல்ல மேலேறியது. அட்டனைக் கடந்தபின் இருமருங்கும் தேயிலை தவிர வேறொன்றும் கண்ணிற் படவில்லை. சீவி விட்டாற்போன்ற அப்பசுமையினூடே கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நின்றனர். 1885ஆம் ஆண்டு இருப்புப்பாதை வந்து சேர்ந்த நானுஓயா நிலையத்தில் இறங்கி, வாடகை வண்டியில் நகரை அடைந்தோம்.

நுவரெலியா கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. அருகே இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. செங்கல்லால் ஆன அஞ்சலகம், புல்வெளி சூழ்ந்த மாளிகைகள், ரோசாத் தோட்டங்கள் ஆகியவற்றைக் காண்போர் இதனைச் சின்ன இங்கிலாந்து என்பதில் வியப்பில்லை. காலையில் ஏரியின்மேல் வெண்பனி படர்ந்து, கதிரவன் எழ எழக் கலைந்தது. சிறுவர்கள் படகேறி மகிழ்ந்தனர். மட்டக்குதிரைகளில் ஏறிச் சிலர் கரையைச் சுற்றி வந்தனர். ஆண்டு முழுதும் வெயிலில் காயும் மலாக்காக்காரனுக்கு அக்குளிர் ஓர் இன்பமே. அதனை நான் மறுக்கவில்லை.

ஆயினும் என் கண்கள் ஏரியைவிட்டு அடிக்கடி மலைச்சரிவுகளையே நாடின. அச்சரிவுகளில் முதலில் விளைந்தது காப்பி. 1869இல் காப்பி இலையைத் தாக்கிய நோய் பின்னர் அப்பயிரையே அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் மிகுதியாக வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து கொய்யும் கைகள் வேண்டும். எனவே, பருவத்திற்கு வந்து சென்ற தமிழர் குடும்பத்தோடு லயங்களில் தங்கலாயினர். காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களுள், நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்களை நினைவுகூர்ந்து 2023இல், மலையக மக்கள் வரலாற்றின் இருநூறாம் ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடைப்பயணம் மேற்கொண்டனர்.

ஒருநாள் மாலை, ஏரியைக் கடந்து தேயிலைக்கு நடுவே ஏறிச் சென்ற ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் விறகுக் கட்டை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்.

“எந்த ஊருங்க ஐயா?” என்று வினவினார்.

“மலேசியா அம்மா. நானும் தோட்டத்துப் பிள்ளைதான்.”

“அங்கயும் கொழுந்தா?”

“இல்லை அம்மா, பால்மரம்.”

அவர் முகம் மலர்ந்தது. “பெரட்டு எத்தன மணிக்குத் தம்பி?”

ஐயா என்று அழைத்தவர் தம்பி என்று அழைத்துவிட்டார். பெரட்டு என்னும் அச்சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்நிகழ்வை எம் தோட்டத்திலும் அவ்வாறே வழங்கினோம். அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் உருமாறியது அது. லயம், கங்காணி, துரை ஆகிய சொற்களும் இரு நாட்டிற்கும் பொதுவானவையே. குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தை நாங்கள் ஆயாக் கொட்டகை என்போம். அவர்கள் பிள்ளைமடுவம் என்கின்றனர்.

துண்டு என்னும் சொல்லோ இரு நாட்டிலும் இருவேறு துயரங்களைக் குறித்தது. இலங்கையில், கடனைத் தீர்த்தால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. நம் நாட்டில் 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் கூறு கூறாக விற்கப்பட்டதைத் தோட்டத் துண்டாடல் என்றோம். வேலையும் வீடும் இழந்து மக்கள் தவித்த அந்நாளில்தான், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

“இப்ப பெரட்டு இல்லை அம்மா. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நம் மக்கள் பட்டணத்திற்குப் போய்விட்டார்கள்” என்றேன்.

“போன எடத்துல சொந்த வீடா?”

“சிலருக்கு உண்டு. பலருக்கு இல்லை.”

“எங்களுக்கு ஓட்டு இருக்கு தம்பி. வீட்டுக்குத்தான் பத்திரம் இல்ல” என்று கூறி, அவர் விறகைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார்.

அவ்வாக்குரிமையும் எளிதில் வந்ததன்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் சிக்கல் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. நம் நாட்டிலும் 1969இல் குடியுரிமை இல்லாத தொழிலாளர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அவ்வாறு காலியான லயங்களை நம் தோட்டப்புறங்களும் கண்டவைதாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூற விழைகிறேன். நான் சென்ற சுற்றுலா என்னும் தலைப்பை நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் தருகிறோம். வளைந்து நெளிந்த பாதை, தவழும் மேகம், பச்சைக் கம்பளம் என்னும் தொடர்கள் தவறாமல் வந்து விழுகின்றன. அவை அழகிய தொடர்களே. ஆனால், அக்கம்பளத்தை நெய்தவர் அக்கட்டுரைகளில் தோன்றுவதில்லை. கேமரன் மலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது, 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தின் சரிவுகளைத் திருத்தியவர் யாவர் என வினவச் சொல்வோம். மலாக்காவில் 1890களில் டான் சே யான் இரப்பரைத் தோட்டப் பயிராக்கினார் எனப் பாடம் நடத்தும்போது, அம்மரங்களில் பால் வெட்டியவர் யாவர் என வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதச் சொல்வோம். பெரட்டு என்னும் சொல்லின் பொருள் அறியாத தலைமுறை நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கிறது. அச்சொல்லை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழும்போதே அக்கேள்வியைக் கேட்டாக வேண்டும்.