கறுப்புப் பூச்சுக்கு அடியில்



கடந்த மூன்று சனிக்கிழமைகளையும் என் வீட்டுக் கராஜில், ஒரு பழைய காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து கழித்தேன். வழமையாக அந்த நாள் ஞாயிறு பிரசங்கத்தின் ஆயத்தத்துக்கு உரியது. ஆகவே இந்த வாரத் தியானத்தில் கிரீஸ் நெடி சற்றே வீசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காருக்கு 14 வயது. ரொறன்ரோவின் 12 பனிக்காலங்களை எங்களோடு கடந்திருக்கிறது. ஸ்காபரோவின் அடுக்குமாடிகளிலிருந்து எத்தனையோ முதிய தாய்மாரை ஆராதனைக்கு ஏற்றி இறக்கியிருக்கிறது. சபைக்குப் புதிதாக வந்த ஓர் இளம் குடும்பம் கைக்குழந்தையோடு பேருந்துத் தரிப்பிடத்தில் குளிரில் நின்றதை இவ்வாண்டின் தொடக்கத்தில் கண்டபோது, காரை அவர்களுக்கே கொடுத்துவிடுவதென்று நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். நல்ல காரியம் செய்கிறோம் என்று எனக்குள் சிறிது பெருமையும் இருந்தது. அதை மறைப்பானேன்?

ஒரு குறை மட்டும் இருந்தது. மேடுபள்ளங்களில் ஏறி இறங்கும்போது பின்புறத்திலிருந்து ‘டொக்’ என்றொரு சத்தம். எங்கள் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் நெடுங்காலம் ஆலையொன்றில் வெல்டராக வேலை செய்தவர். கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் அண்ணா என்று அழைத்தேன். அவர் காரை ஜாக்கால் உயர்த்தி, ஸ்டாண்டுகளில் அமர்த்தி, சின்னச் சுத்தியல் ஒன்றோடு அடியில் போனார்.

பின் சில்லுகளைப் பிடித்திருக்கும் கைகளெல்லாம் வந்து பொருந்துகிற இரும்புத் தொட்டில் ஒன்று காரின் அடியில் உண்டு. சப்ஃப்ரேம் என்பார்கள். தகடுகளை மடித்து ஒட்டிய, உள்ளீடற்ற பெட்டி அது. எங்கள் காரில் நான்கு பெரிய போல்ட்கள் அதைக் காரின் உடலோடு பிணைக்கின்றன. அண்ணா அதை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனார். கணீர் கணீரென்று வந்த ஓசை வலது பின் மூலையில் ‘பொத்’ என்று அடங்கியது. அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது.

“உதை ஆர் பூசினது, பாஸ்டர்?” என்று கேட்டார். அவர் விரல் காட்டியது துளையை அல்ல; அதைச் சுற்றிச் செதில்செதிலாய்ப் பெயர்ந்து நின்ற கறுப்புப் பூச்சை.

பூசியவன் நான்தான். 4 ஆண்டுகளுக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில் அந்த மூலையில் கறள் பிடித்திருந்ததைக் கண்டேன். ரப்பர் அடிப்பூச்சு 2 டின் வாங்கிவந்து, சுரண்டாமல், கழுவக்கூடச் செய்யாமல், மேலேயே அடித்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஓடினேன். பார்வைக்குப் புத்தம்புதிதாய் இருந்தது. பிறகு அதை மறந்தும்போனேன்.

இந்த நாட்டில் பனிக்காலத்தில் வீதிகளுக்கு உப்புத் தூவுகிறார்கள் என்பதை இங்குள்ளவர்கள் அறிவீர்கள். உப்பு கலந்த நீர் 0 பாகையிலும் உறையாது; அதனால் வீதி வழுக்காது. ஆனால் அதே உப்புநீர் இரும்பின்மேல் படும்போது கறளின் வேகத்தைப் பெருக்கிவிடுகிறது. பெட்டிபோன்ற பாகங்களில் அது துளைகளின் வழியே உட்புகுந்து, வடிய வழியில்லாமல் சேற்றோடு தங்கி, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். கறள் மூலஇரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் தகட்டை உப்பவும் வைக்கிறது. நான் பூசிய பூச்சு செய்ததெல்லாம், ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்ததுதான். காரைப் பாதுகாப்பதாய் எண்ணி இரவில் கதகதப்பான கராஜில் விட்டேனே, அதுவும் தீமையாகவே முடிந்தது. உறைபனியில் கறள் மெதுவாக நடக்கும். சூட்டில் உப்புச்சேறு இளகிவிட்டால் ஓடும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் கறள் என்கிறதை நம் வேதாகமம் துரு என்கிறது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் பூச்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் துருவுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘புரோசிஸ்’. தின்பது என்பதே அதன் நேர்பொருள். யாக்கோபு 5இல் வரும் சொல் வேறு: ‘இயோஸ்’. அதற்கு நஞ்சு என்றும் பொருள் உண்டு. இறையியல் கல்லூரியில் இவற்றை மனனம் செய்து தேர்வெழுதியவன் நான். ஸ்க்ரூ டிரைவர் இரும்புக்குள் போனதைக் கண்டபோதுதான் ‘தின்பது’ என்னும் பொருள் எனக்கு விளங்கிற்று.

இனி, நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. ஒன்ராறியோவில் பழைய காரைக் கைமாற்றி வீதியில் ஓட்டுவதற்குப் பதிவு செய்ய, உரிமம் பெற்ற கராஜொன்றின் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அது 36 நாட்களுக்குத்தான் செல்லும். அன்றிரவு படுக்கையில் எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? இன்னும் 2 டின் அடித்துவிட்டால் சோதிப்பவர் கண்டுகொள்வாரா என்பதுதான். அந்தக் குழந்தையின் முகம் எனக்குப் பிந்தியே நினைவுக்கு வந்தது. சாரமற்ற சாந்து பூசிய சுவரைப் பற்றிய எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தை நான் இருமுறையாவது பிரசங்கித்திருக்கிறேன். இருமுறையும் அது வேறு யாரையோ பற்றியதாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வேலை தொடங்கியது. தொடங்குமுன் அண்ணா ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சில்லின் கைகள் பொருந்துகிற இடம் தின்னப்பட்டிருந்தால் தாம் தொடமாட்டார்; வேறு சப்ஃப்ரேம்தான் தேட வேண்டும். நல்லவேளையாக அந்த இடங்கள் திடமாக இருந்தன. போல்ட்களுக்கு இரண்டு நாட்களாகவே ஊடுருவும் எண்ணெய் விட்டுவைத்திருந்தோம். மூன்று கழன்றன. நான்காவது அன்று பிற்பகல் முழுவதையும் தின்றது. அவர் சபைமூப்பர்; ஆகவே அப்போது அவர் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே எழுதவில்லை.

சப்ஃப்ரேமை ஜாக்கின் மேல் மெல்ல இறக்கி, வெளியே எடுத்து, மேசையில் வைத்தோம். கம்பித் தூரிகையால் பூச்சையும் கறளையும் சுரண்டினேன். துளையின் விளிம்பிலிருந்து மயிரிழைபோன்ற வெடிப்பு ஒன்று போல்ட் துவாரத்தை நோக்கி ஓடியது. அதன் முடிவு எது என்று காட்டினேன். அண்ணா தலையசைத்துவிட்டு ஒரு சிவப்புச் சாயத்தைத் தெளித்தார். சற்றுப் பொறுத்துத் துடைத்தார். அதன்மேல் வெள்ளை மாவுபோன்ற ஒன்றைத் தெளித்தார். வெடிப்புக்குள் புகுந்திருந்த சாயம் வெள்ளையின்மேல் கசிந்து கோடாய் எழுந்தது. நான் காட்டிய இடத்துக்கு அப்பால் இரண்டு விரற்கடை நீளம் அது போயிருந்தது. அந்த மெய்யான முடிவில் ஒரு சிறு துளை இட்டார். வெடிப்பின் நுனி கூர்மையாக இருக்கும்வரை விசையெல்லாம் அங்கேயே குவிந்து அதை முன்னே தள்ளுமாம். வட்டத் துளையில் அந்த விசை பரவிவிடுமாம்.

பிறகு கிரைண்டரால் வெட்டத் தொடங்கினார். ஒரு நாணயத்தின் அளவாயிருந்த துளை என் உள்ளங்கையைவிடப் பெரிதாயிற்று. “காணும் அண்ணா, இதிலேயே ஒட்டலாமே” என்றேன். “கறளில ஒட்டினால் கறள்தான் பிடிச்சிருக்கும், பாஸ்டர். வெள்ளை இரும்பு வரவேணும்” என்றார். விளிம்பு முழுவதும் வெள்ளிபோல் மின்னும்வரை நிறுத்தவில்லை. வெடிப்பைப் பள்ளமாக அரைத்து நிரப்பினார். 3 மில்லிமீற்றர் தகட்டில், மூலைகளை உருட்டி, ஓட்டு வெட்டினார். தகடு சூட்டில் கோணிவிடாதபடி இங்கே ஒரு விரலளவு, எதிரே ஒரு விரலளவு என்று மாறிமாறி வெல்டிங் செய்தார். நல்ல நிலையில் இருந்த இடப்பக்கத்துக்கும் அதே மேற்தகடு வைத்தார். அதன் ஓரங்களைச் சரித்து மெலியச் செய்தார். பலப்படுத்திய இடம் உடையாது, அது முடிகிற ஓரத்தில்தான் உடையும் என்பது அவர் அனுபவம்.

மூன்றாம் சனிக்கிழமை எபொக்சி பிரைமரும் வர்ணமும் அடித்து, பெட்டியின் உள்ளே நீண்ட குழாயால் மெழுகு பாய்ச்சி, புதிய போல்ட்களோடு மாட்டினோம். கைகளின் போல்ட்களைச் சில்லுகள் தரையில் ஊன்றி, காரின் பாரம் அமர்ந்த பிறகே இறுக்கினோம். தொங்கும் நிலையில் இறுக்கினால் உள்ளேயுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும். செவ்வாயன்று சில்லுகளின் கோணம் பார்த்தார்கள். புதனன்று, வெல்டிங் செய்த இடத்தைச் சோதனையாளருக்கு நானே காட்டினேன். சான்றிதழ் கிடைத்தது.

வியாழன் மாலை அந்தத் தம்பி வந்தார். சாவியைக் கொடுக்குமுன் 4 ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததையும், அன்றிரவு நான் எண்ணியதையும் அவரிடம் சொன்னேன். வேலையின்போது எடுத்த படங்களை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, போட்டிருந்த நல்ல சட்டையோடே தரையில் படுத்து உள்ளே நகர்ந்தார். நானும் பக்கத்தில் படுத்து, பழுதான மூலையைக் காட்டினேன். விளக்கு அங்கே சற்று நின்றது.

“மற்றப் பக்கத்தையும் காட்டுங்கோ, பாஸ்டர்” என்றார்.