திதி அறியப்படாதவர்

போர்களின் வரலாறு பெரும்பாலும் வென்றோரையும் தோற்றோரையும் பற்றியதாகவே அமைகிறது. இருவருக்கும் இடையே நசுங்கி மாண்டவர்களைப் பற்றிச் சில சொற்கள் எழுத விழைகிறேன். அவர்களுள் ஒருவர் என் பாட்டனாரின் தம்பி.

தஞ்சைத் தரணியிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்ற பல்லாயிரவருள் அவரும் ஒருவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவது அவர் தொழில். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் கரையிறங்கிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அத்துடன் அவர் கடிதங்களும் நின்றுபோயின.

'ஆசியா ஆசியருக்கே' என்று முழங்கி வந்தவர்களை நம்பியோரும் உண்டு. அம்முழக்கத்தின் உட்பொருள் விரைவில் விளங்கிற்று. பர்மாவிலிருந்த தம் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஆபத்தாயிற்று. ஆகவே, சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்புசயாத் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க ஜப்பானியர் முற்பட்டனர். ஏற்றுமதி நின்று தோட்டங்கள் முடங்கியதால் பிழைப்பிழந்த தமிழர்களை நல்ல கூலி தருவதாக அழைத்தனர். பின்னர் வலிந்தும் பிடித்துச் சென்றனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அடைமழையும் பட்டினியும் காலராவும் உயிர்களை வாரிக்கொண்டன. போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் முதலிய ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என்பர். அது மதிப்பீடே, அவர்களைக் கணக்கெடுத்தவர் எவருமில்லை.

அதே தோட்டங்களிலிருந்துதான் தமிழ் ஆடவரும் பெண்டிரும் நேதாஜியின் படையில் சேர்ந்தனர். அவர்களுடைய தியாகத்தை நாம் போற்றுவது முறையே. அதே ஆண்டில், அதே ஜப்பானியரின் கீழ், அவர்தம் சோதரர் காட்டில் மடிந்ததையும் மறத்தல் தகாது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. எஞ்சியோர் சிலர் ஊர் திரும்பினர். எங்கள் சின்னப் பாட்டனார் வரவில்லை. அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள் என்ற ஒரு செய்தி மட்டுமே வந்தது.

சின்னப் பாட்டி தாலியைக் கழற்றவில்லை. "இறந்தார் என்று யார் வந்து சொன்னார்கள்?" என்பாள். சுப காரியங்களில் அவளை முன்னிறுத்தலாமா என்று உறவினர் தயங்குவர். அத்தயக்கத்தை அறிந்து அவளே அடுக்களைக்குள் ஒதுங்கிவிடுவாள். அவருக்குத் திதி கொடுக்கவும் அவள் இசையவில்லை; கொடுப்பதற்கு நாளும் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறே வாழ்ந்து மறைந்தாள். அதன் பின்னரே என் தந்தையார் மகாளய அமாவாசையில் இருவர் பெயருக்கும் எள்ளும் நீரும் இறைத்தார். இன்று வாஷியில் அக்கடமையை நான் செய்து வருகிறேன்.

அந்தப் பாதையில் ஓடிய இரயில் எஞ்சின் ஒன்று, தன் எண்ணோடு, டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுமில்லை.

அன்பர்களே! வாஷியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்களில், மலாயாவுக்கோ பர்மாவுக்கோ சென்று திரும்பாத ஒருவர் இருந்திருக்கலாம். வீட்டு முதியோரிடம் இன்றே கேளுங்கள். அவர் பெயர், பிறந்த ஊர், புறப்பட்ட ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாள் தெரியாவிடினும் பெயராவது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.