பார்படோஸில் அம்மா ஒரு 'கெஸ்ட்'!

பார்படோஸ் போய்வந்தேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "கப் ஜெயிச்ச கிரவுண்டைப் பார்த்தியா?" என்பதுதான். பார்த்தேன், பஸ் ஜன்னலிலிருந்து. 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ரன்களில் இந்தியா வீழ்த்திய அதே கென்சிங்டன் ஓவல். ஜெயித்த கையோடு ஊர் திரும்ப முடியாமல், பெரில் புயலால் நம் அணி ஹோட்டலுக்குள்ளேயே அடைந்து கிடந்தது நினைவிருக்கும். அப்போது எங்கள் டெஸ்க்கில் மணிக்கொரு அப்டேட் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் புயலில் மீனவர்களின் படகுகள் ஏகத்துக்கும் உடைந்துபோனது மட்டும் நம் ஊர்ச் செய்திகளில் ஓரமாகவே வந்தது.

இரண்டாவது கேள்வி, "ரூமுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?" சொல்கிறேன்.

டொரன்டோவில் இருக்கும் என் அத்தை மகளுக்கு அங்கேயே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா பார்படோஸிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். அவர்களின் ஆசைக்காகக் கல்யாணம் அந்தத் தீவின் மேற்குக் கரையில், கடலைப் பார்த்த ஒரு பெரிய ரிசார்ட்டில். டிக்கெட், ரூம் எல்லாம் அத்தை செலவு. "உங்க அம்மா வரலைன்னா நான் மணையிலேயே உட்கார மாட்டேன்" என்று அவள் அடம்பிடித்ததால்தான் எங்கள் வீட்டில் முதன்முறையாகப் பாஸ்போர்ட் என்ற ஒன்று வந்தது. இந்தியர்களுக்கு பார்படோஸில் விசா தேவையில்லை. ஆனால் நேர் விமானம் கிடையாதே! லண்டனில் விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா எடுக்கவேண்டியிருந்தது. பணமும் அலைச்சலும் அதில்தான்.

ரூம் வாடகை இரவுக்கு 600 அமெரிக்க டாலர். அதுவும் சீசன் இல்லாத ரேட். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரைதான் அங்கே சீசன். ஐரோப்பா, கனடா குளிரிலிருந்து தப்பி வருகிறவர்களின் காலம். ஜூனில் புயல் பருவம் ஆரம்பித்துவிடும் என்பதால் ரேட் இறங்கும். இறங்கிய அந்த ரேட்டில் ஓர் இரவு என்பது, நம் பணத்தில் என் அம்மாவின் மூன்றரை மாதச் சம்பளம்.

அம்மாவுக்கு வயது 52. ஈசிஆரில் ஒரு பீச் ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங். பதினேழு வருடமாக அதே வேலை. மற்றவர்கள் தங்கிய அறைகளைச் சுத்தம் செய்தவர், முதன்முதலாகத் தானே ஓர் அறையில் தங்க வந்திருந்தார்.

கதவைத் திறந்ததும் நான் பால்கனிக்கு ஓடினேன். கடல் எங்களூர்க் கடல்போல இல்லை. அலையே கிடையாது, ஏரி மாதிரி. இந்தப் பக்கம் கரீபியன் கடல் என்பதால் அப்படி. தீவின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக், அங்கே அலை ஆளைத் தூக்கிப் போடும். சென்னைக்காரர்களுக்குக் கடல் என்றால் சூரியன் எழுகிற இடம். அங்கே சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கும்போது, காட்சியைப் பின்னோக்கி ஓட்டுவதுபோல இருந்தது.

அம்மா கடலைப் பார்க்கவில்லை. கட்டிலின் தலைமாட்டுப் பலகை மேல் விரலை ஓட்டித் தூசு பார்த்தார். மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பின் மடிப்பைப் பார்த்தார். "நாலு மூலையும் டைட்டா இருக்கு. நல்லா கத்துக்குனவ" என்றார். பிறகு தலையணைகளை எண்ணினார். ஆறு. "ஆறு உறை மாத்தணும். இதுக்கே தனியா நேரம் போவும். இது யாருக்குடி வேணும்? ரெண்டு பேருக்கு ரெண்டு தலகாணி போதாதா?"

'ஆடம்பர ஹோட்டல்' என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன். கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு கூடுதல் பொருளுக்கும் பின்னால், யாரோ ஒருவரின் சில நிமிடங்கள் இருக்கின்றன. மாலையில் வந்து விரிப்பை லேசாக மடித்துவிட்டு, சாக்லேட் வைத்துவிட்டுப் போகிறார்களே, அதற்குப் பெயர் 'டர்ன் டவுன்'. நடிகைகளின் மாலத்தீவு போட்டோக்களுக்கு நான் நூறு கேப்ஷன் எழுதியிருப்பேன். இந்தச் சொல்லை அம்மாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அன்றிரவே 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையைக் கதவில் மாட்டிவிட்டார். இரண்டாம் நாளும் எடுக்கவில்லை. கட்டிலை அவரே சரி செய்தார், குளியலறையை அவரே துடைத்தார். பாவம் பார்த்துத்தான் செய்கிறார் என்று நினைத்துக் கேட்டேன். "பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு ரூமைப் பார்த்தா அந்த ஆளு எப்படின்னு எனக்குத் தெரியும். சண்டை போட்டாங்களா, குடிச்சாங்களா, அழுதாங்களா... எல்லாம் தெரியும். என்னை ஒருத்தி அப்படிப் பார்க்க வேணாம்."

மூன்றாம் நாள் அந்த அக்கா கதவைத் தட்டிவிட்டார். நாற்பதைத் தாண்டிய வயது, நெற்றியில் வியர்வை, கையில் டவல் அடுக்கு. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா, உடம்புக்கு ஏதும் இல்லையே என்று விசாரித்தார். அம்மா அரைகுறை ஹோட்டல் ஆங்கிலத்தில், "மீ ஆல்சோ ஹவுஸ்கீப்பிங்" என்றார். அந்த அக்கா நம்பவில்லை. அம்மா கட்டிலருகே போய், விரிப்பின் ஒரு மூலையை உருவி, மறுபடியும் மடித்துச் செருகிக் காட்டினார். அவ்வளவுதான், அடுத்த பத்து நிமிடத்துக்கு நான் வெறும் மொழிபெயர்ப்பாளர்.

ஒரு நாளைக்கு எத்தனை ரூம்? அவருக்கு 14. அம்மாவுக்கு 16. எந்தக் கறை போகவே போகாது? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கன்னத்தைத் தொட்டுக்காட்டினார்கள், மேக்கப். முழங்கால்? இருவருக்கும் வலதுதான் மோசம்.

பிறகு பேச்சு சம்பளத்துக்குப் போனது. 2021-ல் பார்படோஸ் தேசியக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 8.50 பார்படோஸ் டாலர் என்று நிர்ணயித்தது. பிறகு உயர்த்தியும் இருக்கிறது. இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலர், 1975-லிருந்து மாறாத கணக்கு. "மணிக்கா?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். ஆனால் அங்கே சாப்பாட்டுப் பொருட்களில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அந்தக் கூலியில் அவர்களும் இழுத்துப் பிடித்துத்தான் வாழ்கிறார்கள். இருந்தாலும் அந்த அக்காவிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன. 1941-ல் தொடங்கிய தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர். தேசியக் காப்பீட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிடித்தம். ஓய்வு பெற்றால் பென்ஷன்.

அம்மா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடற்கரை முழுக்க உள்ளூர்க் குடும்பங்கள். ஐஸ் பெட்டி, பாட்டு, தண்ணீரில் கூத்தடிக்கும் குழந்தைகள். பார்படோஸில் கடற்கரை எல்லாமே பொதுச்சொத்து; எந்த ஹோட்டலும் மணலைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஹோட்டல் நாற்காலிதான் ஹோட்டலுடையது. மணலுக்குப் போகும் வழி மட்டும் சில இடங்களில் இரண்டு மதில்களுக்கு நடுவே சந்து போல ஒடுங்கிவிட்டது. ஜமைக்காவில் இதுவும் இல்லை. 1956-ம் ஆண்டின் கடற்கரைச் சட்டப்படி, அங்கே பொதுமக்களுக்குக் கடற்கரையில் பொதுவான உரிமை கிடையாது. அதை எதிர்த்து இப்போது போராட்டம் நடக்கிறது.

கரையில் தடித்த மரங்கள், சிலவற்றில் சிவப்பு பெயின்ட் வளையம். மான்சினீல் என்ற விஷ மரம். மழைக்கு அதனடியில் ஒதுங்கினாலே இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டுத் தோல் கொப்பளித்துவிடும். ராத்திரி கடல் பக்கம் விளக்கைக் குறைக்கச் சொல்லி ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள், ஆமைகள் முட்டையிட வரும் பருவம். "நம்ம ஊருல ஜனவரியில வரும், இங்க ஜூன்ல வருதா?" என்றார் அம்மா. இரண்டும் வேறு வேறு இனம், நம்மூரில் பங்குனி ஆமை, அங்கே அழுங்காமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த 600 டாலர் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் என் பழைய பல்லவியை எடுத்தேன். "போதும்மா, வேலையை விட்டுடு." ஒரு வருடமாகச் சொல்கிறேன். முழங்காலுக்கு டாக்டரும் சொல்லிவிட்டார். எப்போதும் "பார்க்கலாம்" என்று முடித்துவிடுவார். அன்று முடிக்கவில்லை.

"எட்டரை வருஷம்தாண்டி பி.எஃப் பிடிச்சிருக்காங்க" என்றார். முதல் எட்டரை வருடம் அவரை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் பி.எஃப் கட்டவே இல்லை. பிறகு காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், அம்மா துடைத்த தரை மட்டும் அதேதான். பி.எஃப் பென்ஷன் கிடைக்க 10 வருட சர்வீஸ் வேண்டும். "இன்னும் ஒன்றரை வருஷம். இப்ப விட்டா எல்லாம் கையில கொடுத்து அனுப்பிடுவாங்க. முடிச்சா மாசா மாசம் வரும்." எவ்வளவு வரும்? குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய், 2014-லிருந்து அதுதான். அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். "ஆயிரமோ ரெண்டாயிரமோ, அது நான் உழைச்சதுன்னு கவர்மென்ட் எழுதிக்கொடுக்கற காசு. நீ கொடுக்கறது வேற" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆயிரம் ரூபாயை நானே மாதா மாதம் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஹோட்டல் புல்வெளியில் ஹோமம் வளர்க்க அனுமதி வாங்குவதற்குள் அத்தைக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, அது தனிக்கதை. மாப்பிள்ளை வீட்டார் பறக்கும் மீனும், சோளமாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டிய 'குக்கூ'வும் சமைத்தார்கள். அது கிட்டத்தட்ட நம் களி. அம்மா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு மதியம் பஸ்ஸில் தலைநகர் பிரிட்ஜ்டவுன் போனோம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் டிக்கெட் 3.50 பார்படோஸ் டாலர், நம் பணத்தில் சுமார் 150 ரூபாய். பஸ் ஸ்டாப் பலகைகளில் ஊர்ப் பெயரே இல்லை. 'நகரத்துக்கு', 'நகரத்திலிருந்து வெளியே', அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் யூனிஃபார்ம் பெண்கள் நிறைய பேர், மதிய ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். எங்களைத் தவிர அந்த பஸ்ஸில் ஹோட்டல் விருந்தாளிகள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அறையைக் காலி செய்த நாளில், ஈர டவல்களைத் தொட்டியில் ஒரே இடத்தில் போட்டு, குப்பையைக் கட்டி வைத்து, தலையணைக்கு அடியில் டிப்ஸ் வைத்தார் அம்மா. எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. அந்த அக்கா பதிலுக்கு ஒரு பார்படோஸ் டாலர் நாணயம் கொடுத்திருந்தார், பறக்கும் மீன் பொறித்தது. இப்போது அது எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, பி.எஃப் இணையதளத்தில் உட்கார்ந்தது. காண்ட்ராக்டருக்கு ஒன்றாக அம்மாவின் பெயரில் மூன்று கணக்கு எண்கள். மூன்றையும் சேர்த்தால்தான் அந்த எட்டரை வருடம் எட்டரை வருடமாகக் காட்டும். இரண்டைச் சேர்த்துவிட்டேன். மூன்றாவதில் அம்மா வேலையிலிருந்து விலகிய தேதியை அந்த காண்ட்ராக்டர் பதியவே இல்லை. போன் செய்தால், "அடுத்த வாரம் பண்ணிடறோம் மேடம்" என்கிறார்கள். இது நாலாவது அடுத்த வாரம்.

அம்மாவுக்கு நாளைக்கு மார்னிங் ஷிஃப்ட்.