ஹெரால்டுக்கு ஒரு வயரிங் கிட்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் என் வயதுக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். நம் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் செய்த கார். 948 சி.சி. எஞ்சின். பானட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். இரண்டு கதவில் தொடங்கி, பிறகு நாலு கதவிலும் விட்டார்கள். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. என் அண்ணனுடையது அதுதான், 1970 மாடல்.

அண்ணன் காலமான பிறகு எட்டு வருடம் அது புதுப்பட்டினத்து வீட்டு ஷெட்டில் நின்றது. கடல் கூப்பிடு தூரம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். "காயலான் கடைக்குப் போட்டுடுங்க சித்தப்பா" என்றார்கள். அண்ணி மட்டும், "ஒரு தடவை அதுல உக்காந்து மாமல்லபுரம் போயிட்டு வந்துடறேன் தம்பி, அப்புறம் நீங்க என்ன வேணா செய்ங்க" என்றார். செங்கல்பட்டுக்கு இழுத்து வந்தேன்.

எஞ்சின் ஆச்சரியமாகச் சீக்கிரம் உயிர் பெற்றது. வயரிங்தான் கதி கலங்க வைத்தது. டேஷ்போர்டுக்கு அடியில் வயரைத் தொட்டால் மேல்தோல் அப்பளம் போல நொறுங்கியது. மிச்சத்தை எலி பார்த்துக்கொண்டது. அந்தக் காலத்து லூகாஸ் வயரிங்கில் ஃப்யூஸ் மிகக் குறைவு. பேட்டரியிலிருந்து வரும் பிரவுன் வயர் எப்போதும் உயிரோடு இருக்கும், சாவியை எடுத்தாலும். அது எங்காவது பாடியில் உரசினால் சில நொடியில் வயர் பழுக்கும், பக்கத்து வயர்களையும் சேர்த்து எரிக்கும். அண்ணிக்கு வயது 78, இரண்டு முட்டியும் வலி. புகை வந்தால் குதித்து இறங்கக்கூடியவர் அல்ல. எனவே, "ஒரு தடவைதானே, டேப் சுத்தி ஓட்டிடலாம் சார்" என்ற யோசனையை முதலிலேயே தள்ளிவிட்டேன்.

இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டுக்குப் பழைய மாதிரியே துணிப்பின்னல் போட்டுப் புது ஹார்னஸ் செய்து தருகிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பவுண்டு விலை, கூரியர், சுங்க வரி மூன்றையும் கூட்டினால் என் பென்ஷன் தாங்காது. தாங்கினாலும், அது இரண்டு கதவு வண்டிக்கு அளவெடுத்தது.

அடுத்தது எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் கிட். ஃப்யூஸ் பாக்ஸோடு வருகிறது, விலையும் மலிவு. ஒரு கடையில் கேட்டு, அரை அடி வயரை மட்டும் வெட்டி வாங்கினேன். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் கம்பியோடு மாரடித்தவனுக்கு இது அனிச்சைச் செயல். பேனாக்கத்தியால் இழையைச் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! அதன் தடை சுத்தச் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உப்புக்காற்றில் அதன் முனைகள் பொடிந்துபோகும். (ஈயம் பூசிய நல்ல செம்பு வயரும் மேலுக்கு வெள்ளையாக இருக்கும். சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரியும். அதைத் தவறாக ஒதுக்கிவிடாதீர்கள்.)

வயரின் கனமும் முக்கியம். இரண்டு ஹெட்லைட், தலா 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் போட்டால் வழியிலேயே 0.86 வோல்ட் தின்றுவிடும். 2.5 போட்டால் 0.34தான். அரை வோல்ட்டில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பல்புக்கு 7 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் 20 சதவீதத்துக்கு மேல் குறையும். திருக்கழுக்குன்றம் சாலையில் இருட்டில் எதிரே பஸ் வரும்போது அது எவ்வளவு என்பது தெரியும்.

கடைசியில் வழி சொன்னவர் எங்கள் தெருமுனை பேட்டரிக் கடை பாய். "கிட் எதுக்கு சார், பழசைக் கழட்டிக் கொண்டாங்க, அதையே பார்த்துக் கட்டிடுவோம்" என்றார். கழற்றும்போது ஒவ்வொரு முனையிலும் சீட்டு கட்டினேன். எந்தத் திருகு, எந்த பல்பு என்று பேத்தியின் கோடு போட்ட நோட்டில் எழுதினேன். வேலையில் பாதி நேரம் இதற்கே போனது. பாய் ஒரு பழைய பிளைவுட் பலகையில் ஹார்னஸை விரித்து, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடித்தார். பூக்கட்டுவது போல ஆணிகளுக்கு நடுவே புது வயர்களை ஓட்டினோம்.

நிறத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. லூகாஸ் கணக்கு தெளிவானது: பிரவுன் பேட்டரி, வெள்ளை சாவி போட்டதும் வருவது, பச்சை அதே லைன் ஃப்யூஸுக்குப் பிறகு, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். "எல்லாம் சிவப்புல போட்டா மலிவா முடியும் சார்" என்றார் பாய். நாளைக்கு ராத்திரி ரோட்டோரத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தேடப்போவது யார்?

சேர்த்தது கொஞ்சம்தான். பேட்டரிப் பக்கத்தில் ஒரு மெயின் ஃப்யூஸ், ஹெட்லைட்டுக்கு ரிலே, ஆறு ஃப்யூஸ் கொண்ட பெட்டி. ஆல்டர்னேட்டர் வேண்டாம் என்றேன். பழைய டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதற்குள் எல்லாம் அடங்குகிறது. அதை மாற்றினால் பிரவுன் வயரையும் கனமாக்க வேண்டும். பானட் கவிழும் இடத்தில் ஹெட்லைட் வயர் ஒவ்வொரு தடவையும் மடங்கும். அங்கே நீளம் கொஞ்சம் தாராளமாக விட்டு, ரப்பர் குழாயில் நுழைத்தோம். ஹெரால்டின் பாடி துண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. துருப்பிடித்த போல்ட்டை நம்பி எர்த் விடக்கூடாது என்று ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்பு வயர் இழுத்தோம்.

வயர், முனைகள், பாயின் கூலி எல்லாம் சேர்ந்து இங்கிலாந்து ஹார்னஸின் விலையில், வரி சேர்க்காமலே, நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. என் ஆறு வார உழைப்புக்குக் கூலி போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமல்லபுரம் போனோம். பூஞ்சேரி தாண்டி ஒரு ஆட்டுக்கு ஹார்ன் அடித்தேன். "அவர் ஓட்டறப்ப இவ்ளோ சத்தம் வராதே தம்பி" என்றார் அண்ணி. ஹார்னுக்கு இப்போதுதான் முழு வோல்ட் போகிறது என்று விளக்கினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி இன்னும் காயலான் கடைக்குப் போகவில்லை. தையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை எர்த் போல்ட்டுகளைக் கழற்றித் தேய்த்து வாசலின் தடவுகிறேன். இந்த ஆடிக்கு இன்னும் செய்யவில்லை. டிக்கிக்குள் இருக்கும் ஒன்று பச்சை பூக்க ஆரம்பித்திருக்கிறது.