பொன்னகரம் யாரிடம் பேசுகிறது?

நவீனத் தமிழ் இலக்கியம் சென்னையில் எங்கே தொடங்கியது என்று கேட்டால், பெரும்பாலோர் 'மணிக்கொடி' என்பார்கள். 1933இல் தொடங்கிய அந்த இதழில் 1934இல் வந்த கதைதான் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. மில்லில் வேலை செய்கிற அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரக் கணவனுக்குப் பால்கஞ்சி கொடுப்பதற்காக, இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய்க்குத் தன் உடலைக் கொடுக்கிறாள். கற்பு பேசுகிறவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்ட கதை. அதன் துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் போகிற பெண்களோடுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிலர் சேர்ந்து கதை படிப்போம். 'பொன்னகரம்' படித்து முடித்ததும் ஒரு தங்கை கேட்டாள்: "கடைசில இவரு யார்கிட்ட அக்கா பேசுறாரு?"

கதையைத் திறக்கிற சாவி அந்தக் கேள்விதான். கதைசொல்லி அம்மாளுவிடம் பேசவில்லை, அவள் பக்கத்து வீட்டுக்காரியிடமும் பேசவில்லை. பத்திரிகை வாங்கிப் படித்துவிட்டுக் கற்பைப் பற்றிக் கவலைப்படுகிற ஐயாமாரிடம் பேசுகிறார். அவர்கள் முன்னால் நம் தெரு சாட்சிக் கூண்டில் நிற்கிறது. சாட்சியாக நிற்பது வேறு, வாதியாக நிற்பது வேறு.

வாதியாக நின்றவர்கள் இதே நகரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை நடத்தினார். இருவரும் மைத்துனர்கள். ஆனால் 'நாம் யார்?' என்ற கேள்விக்கு இருவர் சொன்ன பதிலும் எதிரெதிர். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே சீனிவாசன் இதழின் தலைப்பாக அச்சிட்டார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்து, நாம் பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்றார். எதை ஏற்பது என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் தன்னை யாரென்று தானே அச்சில் சொல்லி, அதற்காகச் சொந்தக்காரரோடும் முரண்படுவது நவீனம் இல்லையென்றால் வேறு எது நவீனம்?

எம்.ஏ. சமூகவியலில், பெருநகரம் மனித மனதை என்ன செய்கிறது என்று ஜார்ஜ் சிம்மல் 1903இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான்கே ஆண்டுகள் கழித்து ராயப்பேட்டையில் வந்த இதழைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி இல்லை. 1914இல் மறைந்த அயோத்திதாசரின் எழுத்துகள் ஞான அலாய்சியஸ் தொகுப்பில் பெருந்தொகுதிகளாக வந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள்! அந்த இடைவெளியில்தான் நவீன இலக்கிய வரலாறும் எழுதப்பட்டது.

2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' இரண்டையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது பெரிய விவாதம் நடந்தது. தோழர்களே, என் நிலைப்பாடு இதுதான்: 'பொன்னகரம்' பாடத்தில் இருக்கட்டும், பக்கத்திலேயே 'தமிழன்' இதழின் பக்கங்களும் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற மாணவருக்கு, நம்மைப் பற்றி எழுதுவதற்கும் நாம் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பிள்ளைகள் இப்போது நிறைய எழுதுகிறீர்கள். கம்பெனி வேன், பீஸ் ரேட், வாடகை வீட்டில் சாதி கேட்கிற ஓனர் எல்லாம் வருகிறது. நன்றாக இருக்கிறது. எழுதி முடித்ததும் அந்தத் தங்கையின் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் பேசுகிறீர்கள்?